மூன்றாம் ஓலை

போதகர் கண்ணாடியை மாட்டியதும் அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

பெண்கள் பக்கம், முதல் பெஞ்சு. நட்டநடு இடம்.

இன்று அவள் வந்திருக்கவே கூடாது. கலியாண ஓலை வாசித்துச் சபைக்கு அறிவிக்கிற மூன்று ஞாயிற்றுக்கிழமையும் மணப்பெண் கோவிலுக்கு வருகிற வழக்கம் இந்தச் சபையில் இல்லை. வீட்டில் இருந்து வெட்கப்பட வேண்டும். முதல் ஓலைக்கும் இரண்டாம் ஓலைக்கும் அவளும் வீட்டில்தான் இருந்தாள்.

வெட்கம் மட்டும் வரவில்லை. ஐம்பது வயதில் அது எங்கிருந்து வரும்?

வந்ததெல்லாம் பேச்சு.

பேரன் எடுக்கிற வயதில் மாலை கேட்கிறதாம். கிறுக்குப் பிடித்துவிட்டதாம். பெண்கள் சங்கத்தில் அவளை ஜெபக்குறிப்பாகவே வைத்துவிட்டார்கள். பாரத்தோடு ஜெபிக்கிறார்களாம். ஜெபம் முடிந்து காப்பி குடிக்கும்போது மிச்சத்தையும் பேசிக்கொள்கிறார்கள்.

அதெல்லாம் அவளுக்குத் தூசு.

மகன் சொன்னதுதான் நெஞ்சை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

"மூணாவது ஓலையில தடை உண்டான்னு கேப்பாவல்லா? நான் எந்திச்சு சொல்லிருவேன், பாத்துக்கோ."

அன்றிலிருந்து அவன் அவள் கையால் சாப்பிடவில்லை. தகப்பன் முகம் தெரியாத பிள்ளை. பேக்கரி அடுப்படியில் வெந்து அவள் ஆளாக்கிய பிள்ளை. இப்போது ஆண்கள் பக்கம் தூணோரம் உட்கார்ந்திருக்கிறான். அவன் வாயைத் திறந்தால் இந்தக் கலியாணம் நின்றுவிடும்.

காலையில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது அவள் ஆண்டவரிடம் பேசிவிட்டாள். முழங்கால் போடவில்லை. அழவில்லை. கரண்டி கையில் இருந்தது.

விதவைகளை விசாரிக்கிறவர் என்று இத்தனை வருஷம் உம்மைப் பாடியிருக்கிறேன். இன்றைக்கு வந்து என் பக்கத்தில் நில்லும்.

வேதத்தில் ஒரு விதவை மறுபடி கலியாணம் செய்தாள். ஊர்ப் பெரியவர்கள் வாசலில் நின்று வாழ்த்தினார்கள். அவள் வம்சத்தில்தான் ஆண்டவரே வந்து பிறந்தார். பிரசங்கத்தில் அதைக் கேட்டுக் கண் கலங்குகிற சனம்தான் இதுவும்.

போதகர் வாசித்தார்.

"காலஞ்சென்ற ஞானாபரணத்தின் கைம்பெண் ரூபி சொர்ணத்துக்கும்..."

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

"...பக்கத்துச் சேகரத்துச் சபையைச் சேர்ந்த, மனைவியை இழந்த சாலமோன் தங்கையாவுக்கும்..."

அந்தப் பெயரைக் கேட்டதும் அவளுக்கு உள்ளே குளிர்ந்தது. அந்த மனிதர் ஒருநாளும் அவளைப் பார்த்து 'பாவம்' என்று சொன்னதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பார். அவள் சொல்கிற பழைய தமாஷுக்கும் புதிதாகச் சிரிப்பார். அவரை அவளுக்குப் பிடித்திருக்கிறது. விஷயம் அவ்வளவுதான்.

"இது மூன்றாம் ஓலை. இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் இப்போதே சொல்லலாம்."

அவள் எழுந்தாள்.

பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சபையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். இந்தக் கோவிலில் ஞானஸ்நானம் வாங்கிய எந்தப் பெண்ணும் ஒருபோதும் செய்யாத காரியம்.

முழங்கால் நடுங்கியது.

நடுங்கட்டும். நிற்கிறதல்லவா, அது போதும்.

முக்காடு நழுவித் தோளில் விழுந்தது. அதை எடுத்துப் போடவில்லை.

சொல்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தாள். சங்கத்துப் பெண்கள் அவசரமாகப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். நாத்தனார் கீழே விழாத கைக்குட்டையைக் குனிந்து தேடினாள். பெண்கள் பக்கம் முடிந்தது. ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சு. இரண்டாவது பெஞ்சில் சபை மூப்பர் தொண்டையைச் செருமினார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். செருமலோடு நிறுத்திக்கொண்டார்.

தூணோரம் மகன் எழுந்து நின்றான்.

பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் அவன் பக்கம் திரும்பின.

ஆண்டவரே, இவன் என்ன சொன்னாலும் சரி. இத்தனை பேர் முன்னால் என்னை அழவைத்துவிடாதேயும்.

போதகர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன பிளஸ்வின், சொல்லு."

அவன் வாயைத் திறந்தான். மூடினான். அம்மாவைப் பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவன்தான் பார்வையை இறக்கினான். அவள் சேலை மடிப்பு நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தான்.

"ஒண்ணுமில்லய்யா," என்றான். "அம்மா நிக்கா. நான் எப்படி உக்காந்திருக்க?"

யாரோ மூச்சு விட்டார்கள்.

போதகர் ஓலையை மடித்து வைத்துவிட்டு, உட்காரச் சொல்லிக் கைகாட்டினார்.

அவள் உட்காரவில்லை. ஆண்கள் பக்கத்தில் இன்னும் நாலைந்து பெஞ்சு பாக்கியிருந்தது.