திகில் படத்துக்குச் சிரித்தவள்

“ஒரு ஆளுக்கெல்லாம் ஷோ ஓட்ட முடியாதுங்கம்மா. நாளைக்கு வேற படம் போடறோம், வாங்க” என்றார் தியேட்டர் மேனேஜர் அர்ச்சுனன்.

“அப்ப இன்னிக்குத்தான கடைசி? பாதி வரைக்குமாவது ஓட்டுங்கண்ணா” என்று காவேரி கெஞ்சினாள்.

உலகம் அழியப்போகிறது என்று ஒரு சாமியார் தன் பக்தர்களை விஷம் குடிக்க வைக்கும் திகில் படம் அது. பாப்பிரெட்டிப்பட்டியில் முதலில் வந்த நாலைந்து பேரும் நின்றுபோய், இன்று ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. காவேரி மட்டும் தினமும் வந்தாள். அதுவும் பக்தர்கள் கும்பலாகச் செத்துக் கிடக்கும் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். இவளும் அப்படியொரு கூட்டத்தைச் சேர்ந்தவளோ என்று அர்ச்சுனனுக்கு உள்ளூர உதறல்.

இருந்தாலும் மனசு கேட்காமல் படத்தைப் போடச் சொல்லிவிட்டு, அவளுக்குப் பின் வரிசையில் உட்கார்ந்தார். அந்த இடம் வந்ததும் அவள் சிரிக்கத் தொடங்கினாள்.

“இத்தன பேர் செத்துக் கெடக்கறாங்க, சிரிப்பு வருதாங்கம்மா?”

“அந்த ஓரத்துல படுத்திருக்கற பொணத்தப் பாருங்கண்ணா. வயிறு ஏறி எறங்குது.”

உற்றுப் பார்த்த அர்ச்சுனனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “அட ஆமா. யாருங்க அந்த ஆளு?”

“எங்க வூட்டுக்காரருங்க. சித்தேரி மலையில ஷூட்டிங்னு கூட்டத்துல நடிக்கப் போனாரு. டைரக்டர் எவ்வளவு திட்டியும் மூச்ச அடக்க முடியலையாம். வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு.”

“அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே?”

“படம் வர்றதுக்குள்ள தவறிட்டாருங்கண்ணா.” அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பாருங்க, எப்படி மூச்சு விடறாருன்னு.”

அர்ச்சுனன் எழுந்து, ஆபரேட்டர் அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“மாதேஷு, அந்த எடத்த இன்னொருக்கா போடு.”