சிவப்புக்கு மேலே

சிவப்புக்கு மேலே கறுப்பு எப்படி வரும் என்று நாகநாதன் கேட்டார்.

மூஸா துணி மடித்துக்கொண்டிருந்தார். கீழ்வேளூரில் ஜவுளிக்கடை. அதற்கு முன் பன்னிரண்டு வருடம் பினாங்கில் வேலை. அங்கிருந்து எல்லோரும் சென்ட் பாட்டில் கொண்டுவந்தார்கள், இவர் டேக்வாண்டோ கற்றுக்கொண்டு வந்தார். நெல் காயாத நாட்களில் ரைஸ்மில் களத்தில் பிள்ளைகளுக்கு உதைக்கக் கற்றுக்கொடுத்தார்.

நாகநாதன் விவசாயத் தொழிலாளர் சங்கச் செயலாளர். சிவப்புத் துண்டு இல்லாமல் அவரை அவர் மனைவிகூடப் பார்த்ததில்லை.

மகள் செவ்வந்தி வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஏறி சிவப்பு பெல்ட்டுக்கு வந்தபோது சங்க ஆபீசில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அதோடு படிப்பு முடிந்தது என்று நினைத்தார். அதற்கு மேல் என்ன இருக்கிறது?

இப்போது கறுப்பு இருக்கிறது என்கிறார்கள். டீக்கடையில் கறுப்புச் சட்டைக்காரர்கள் ஏற்கெனவே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் தேர்வு. கொரியாக்கார மாஸ்டரே வருகிறார். பதினெட்டு நாடுகளில் பெல்ட் கட்டிவிட்டவர். மறுபடி இந்தப் பக்கம் வர நாலு வருடம் ஆகும்.

செவ்வந்திக்குப் பதினேழு வயது. நாலு வருடம் கழித்து இடுப்பில் பெல்ட் இருக்காது, பிள்ளை இருக்கும். அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

ஃபாரத்தில் அப்பா கையெழுத்து வேண்டும். அவள் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு கால்மணி நேரமாக நிற்கிறாள்.

"ஒங்க மாஸ்டரு எந்தக் கொரியா பாய்? வடக்கா, தெற்கா?"

தெற்கு என்று சொன்னால் தீர்ந்தது. அமெரிக்காக்காரன் ஆள் என்று எழுந்து போய்விடுவார்.

மூஸா மடித்த துணியை மறுபடி பிரித்தார். பிறந்தது வடக்கு என்றார். அப்பா கூலிக்காரராம். அறுப்பில் அரைப்படி நெல் கூடக் கேட்டாராம். மிராசுதார் ஆள் விட்டுக் குடிசையைப் பிரித்துப்போட்டு, வழியெல்லாம் கருவை முள்ளை வெட்டிப் போட்டாராம். சட்டி பானையோடு மூன்று நாள் வாய்க்கால் கரையில் கிடந்தார்களாம். மாஸ்டர் அப்போது சின்னப் பையன். அதன் பிறகு ஊர் திரும்பவே இல்லையாம்.

செவ்வந்தி தரையைப் பார்த்தாள். மாஸ்டரின் வாழ்க்கைக் குறிப்பு பயிற்சிப் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அவளுக்கு அது மனப்பாடம். அதில் குடிசையும் இல்லை, முள்ளும் இல்லை.

நாகநாதன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மகள் கையிலிருந்து பேனாவை வாங்கினார். எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். புள்ளியைக்கூட விடவில்லை.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டு ஃபாரத்தை ஊதிக் காயவைத்தாள்.

நாகநாதன் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினார். கடைசிப் படியில் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"மூணு நாளு இல்ல பாய், அஞ்சு நாளு. அஞ்சு நாளும் எங்களுக்கு ஒங்க அத்தாதான் கஞ்சி குடுத்து விட்டாரு."