கரண்ட் கட்

"ஆரம்பிச்சுட்டாரு நம்ம கரண்ட் கட்!" என்றார் நர்ஸ் அக்கா.

விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. என் விவரங்கள் இருந்த கணினித் திரை மட்டும் கிணற்று நீர்போல் கறுத்துக் கிடந்தது.

இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்வில்லை. குழந்தையை எடுத்தாயிற்று, அழுகையும் கேட்டாயிற்று. ரத்தம்தான் நிற்கவில்லை.

"ஆபரேஷன் நடுவுலயுமா ஒத்திகை? மைக்லகூடச் சொல்லல. அந்த ஆளு என் கையில மாட்டட்டும்," என்றார் டாக்டர், தலை நிமிராமல்.

ஒத்திகை என்று திடீர் திடீரென்று கணினிகளை நிறுத்திவிட்டு, "இனி பேப்பரில் வேலை செய்யுங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொல்பவருக்கு இந்த மருத்துவமனை வைத்த பெயர் கரண்ட் கட். கீழ்த்தளத்துக் கணினிப் பிரிவுக்காரர். குரல்தான் எல்லோருக்கும் தெரியும், முகம் தெரியாது.

அவர்தான் என் கணவர். முகக்கவசத்தோடு என் தலைமாட்டில், என் கையைப் பிடித்தபடி, வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

பிள்ளை பிறக்கிற நாளில்கூடவா ஒத்திகைக்கு ஏற்பாடு செய்துவிட்டு வருவார்? அவரைக் கிள்ள வேண்டும்போல் இருந்தது எனக்கு.

நர்ஸ் அக்கா என் மணிக்கட்டுப் பட்டையில் இருந்த ரத்த வகையை உரக்கப் படித்தார். இன்னொருவர் அதைத் திருப்பிச் சொல்லி எழுதினார். சீட்டோடு ஒருவர் ஓடினார். யாரும் பதறவில்லை. சலித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ரத்தப்பை வந்தது. பட்டையோடு இருவர் ஒத்துப் பார்த்து ஏற்றினார்கள்.

கொஞ்ச நேரத்தில் டாக்டரின் தோள்கள் தளர்ந்தன. "நின்னுடுச்சு."

அப்போதுதான் கவனித்தேன். என்னைப் பிடித்திருந்த கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது.

கணவர் என் காதருகே குனிந்தார்.

"இது நான் இல்லம்மா. நான் இன்னைக்கு லீவு. யாரோ வெளியாளு நம்ம கம்ப்யூட்டருக்குள்ள பூந்து முடக்கிட்டான். நான் கீழ போகட்டுமா?"

ஒத்திகை என்று நம்பிய கைகள் நடுங்கவில்லை. அதைக் கெடுத்துவிடக் கூடாதென்றுதான் இவ்வளவு நேரமும் திட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

சலித்துக்கொண்ட அத்தனை பேருக்கும் மனதுக்குள் கைகூப்பினேன். அவர் கையை விட்டேன்.

கதவு ஆடி மூடியது.

"பெத்த புள்ளைய ஒரு பார்வை பார்க்காம எங்க ஓடுறாரு உங்க வீட்டுக்காரரு? இப்படியும் ஒரு மனுஷனா!" என்றார் நர்ஸ் அக்கா.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"திட்டுங்கக்கா," என்றேன். "நல்லா திட்டுங்க."