பதினான்கு விநாடி

"ஹெல்மெட்டைக் கழட்டுங்க."

"முடியாது சார்."

முப்பத்தொன்றாம் நம்பர் இப்படிச் சொன்னதும் வாத்தியாருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. தப்பு செய்தவன் முதலில் மறைப்பது முகத்தைத்தான் என்பது அவருடைய இருபது வருடப் பரீட்சை அறை அனுபவம்.

வார நாட்களில் அவர் கணக்கு வாத்தியார். பிட் அடிக்கும் பையனை வாசலில் நுழையும்போதே மோப்பம் பிடித்துவிடுவார் என்று பெயர். சனி, ஞாயிறுகளில் பைக் பந்தய மைதானத்தில் சம்பளமில்லாத சோதனை அதிகாரி. சும்மா சொல்லக்கூடாது, சம்பளம் கொடுத்து வைத்தால்கூட ஒரு மனிதர் இவ்வளவு சந்தேகப்பட மாட்டார்.

இத்தனைக்கும் முந்தின நாள் முப்பத்தொன்றை அவர் ஒரு ஆளாகவே மதிக்கவில்லை. பேக்கரி வைத்திருப்பவர், நாற்பத்திரண்டு வயது, வேறெங்கோ ஓட்டிவிட்டு இந்த மைதானத்துக்குப் புதிதாக வந்தவர். அவ்வளவுதான் விவரம்.

சனிக்கிழமை, யார் எந்த வரிசையில் கிளம்புவது என்று முடிவு செய்யும் தகுதிச் சுற்று. மனிதர் பின்னால் முட்டைத் தட்டு கட்டிக்கொண்டு போகிறவர் மாதிரி ஓட்டினார். வளைவு வரும் முன்பே பிரேக். நேர்ப்பாதையில் ஒருமுறை ஓரம் ஒதுங்கி, கையைக் காட்டி வழி வேறு விட்டார். ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம் பதினோரு விநாடி. பதினேழு பேரில் பதினேழாவது.

வேலியோரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கு மட்டும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. போகிற வருகிற எல்லாருக்கும் பன் கொடுத்தார்.

"எடுத்துக்கங்க சார். இவர் ஓட்டறதப் பார்க்கவே நிம்மதியா இருக்கு."

கடைசியாக வந்தவரின் மனைவி பேசுகிற பேச்சா இது என்று வாத்தியார் நினைத்தார். பன் நன்றாக இருந்ததால் மேற்கொண்டு நினைக்கவில்லை.

ஞாயிறு காலை, கடையைத் திறக்க அந்த அம்மாள் ஊருக்குப் போய்விட்டார். ஆகவே பன்னும் இல்லை. வயிறு காலியாக இருந்தால் வாத்தியாருக்குக் கண் இன்னும் கூர்மையாகிவிடும்.

கொடி அசைந்தது. கடைசி வரிசையில் நின்ற முப்பத்தொன்று இரண்டே சுற்றில் ஆறு பேரைத் தாண்டியது. கொண்டை ஊசி வளைவில் முழங்கால் தரையில் உரச, வெளிப்பக்கமாக வந்து மூன்று பேரை ஒரே மூச்சில் விழுங்கியது. ஐந்தாவது சுற்றில் பின்சக்கரம் வழுக்கி வண்டி பேயாட்டம் ஆடியது. பார்த்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள், ஓட்டியவர் வேகத்தைக் குறைக்கவில்லை. முடிவில் இரண்டாவது இடம். ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம் ஐம்பத்தேழு விநாடி.

வாத்தியார் நேரச் சீட்டுகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு மைதானச் செயலாளரிடம் ஓடினார்.

"பதினாலு செகண்டு சார். ஒரே நாள்ல எங்கருந்து வந்துச்சு?"

"இன்ஜின்ல ஏதாவது கை வெச்சிருப்பாரு."

"நேத்து நான் வெச்ச சீலு அப்படியே இருக்கு. மாறினது இன்ஜின் இல்ல, ஆளு. பேரு குடுத்தவன் ஒருத்தன், ஓட்டினவன் ஒருத்தன்."

செயலாளர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "ஆள்மாறாட்டம்னா கப்பு போச்சு, ரெண்டு வருஷம் தடை. இந்த வயசுல ரெண்டு வருஷம் நிறுத்தினா அந்த மனுஷன் மறுபடி வண்டியில ஏறவே மாட்டாரு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க வாத்தியாரே."

"யோசிக்க என்ன இருக்கு? முகத்தப் பார்த்தா தெரிஞ்சுடப் போகுது."

அதற்காகத்தான், பந்தயம் முடிந்த வண்டிகளைப் பூட்டி வைக்கும் ஷெட்டில் இப்போது இந்த விசாரணை. நடுவில் போட்டோக்காரர் தலையை நீட்டினார்.

"செகண்ட் வந்தவர் யாருங்க? மேடைக்கு வாங்க, ஒரு படம் எடுத்துக்கறேன்."

முப்பத்தொன்று சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டது.

"எனக்குப் படம் வேணாம். கப்பும் இங்கயே இருக்கட்டும். இன்டர்நெட்ல மட்டும் என் பேரைப் போடாம இருக்க முடியுமா சார்?"

வாத்தியார் செயலாளரைப் பார்த்தார். நான் அப்போதே சொன்னேனா இல்லையா என்பது அந்தப் பார்வையில் கொட்டை எழுத்தில் இருந்தது. கப்பை வேண்டாம் என்கிற பந்தயக்காரனை இந்த மைதானம் கண்டதில்லை.

"கழட்டறியா, தடை எழுதட்டுமா?" மரியாதை கழன்று விழுந்திருந்தது.

ஹெல்மெட்டுக்குள் இரண்டு கண்கள் படபடத்தன. "கழட்டறேன் சார். முதல்ல அந்த கேமராக்காரர வெளிய அனுப்புங்க. கதவையும் சாத்திடுங்க."

போட்டோக்காரர் முனகிக்கொண்டே போனார். கதவு சாத்தப்பட்டது. வாத்தியார் பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டார்.

ஹெல்மெட் மேலே ஏறியது. வியர்வை வழியும் வழுக்கை, தொங்கு மீசை, இடது புருவத்தில் பழைய அடுப்புத் தழும்பு. சாட்சாத் பேக்கரிக்காரர்.

வாத்தியார் அடையாள அட்டையை மூன்று முறை பார்த்தார், முகத்தை நான்கு முறை பார்த்தார். மீசையை இழுத்துப் பார்க்கக் கை பரபரத்தது. செயலாளர் பக்கத்தில் இருந்ததால் அடக்கிக்கொண்டார்.

"அப்ப... நேத்து ஓட்டினது யாரு?"

"நேத்தும் நான்தான் சார்."

"அதெப்படிய்யா? அதே ஆளு, அதே வண்டி. நேத்து நத்தை, இன்னைக்குப் புயலா?"

கதவு நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று பேக்கரிக்காரர் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று குரலையும் தாழ்த்திக்கொண்டார்.

"நேத்து வேலிக்கிட்ட என் வீட்டுக்காரி உக்காந்திருந்தா சார்."