வலிக்கவே இல்லை

மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும் வழியில் கார் மரத்தில் மோதியது. தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் நோயாளியாகப் படுத்திருந்தார். முறிந்த கால் கோணிக்கொண்டு கிடந்தது. தோள் மூட்டு நழுவிய மகள் திரைக்கு அந்தப் பக்கம் விசும்பிக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் பூட்டிய அலமாரியைத் திறந்து வலி மருந்துக் குப்பியை எடுத்து வந்தாள்.

"சட்டைக் கையை ஏத்துங்க, டாக்டர்."

"வேண்டாம்மா. புறங்கையிலேயே போடு."

ஊசி இறங்கியது. எலும்பு டாக்டர் சற்றுப் பொறுத்துவிட்டுக் காலைப் பிடித்து இழுத்தார்.

"வலிக்குதா?"

"சேச்சே. எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல."

சொன்னவருக்கு உயிரே போய்க்கொண்டிருந்தது. வியர்வையில் தலையணை நனைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

"போன வாரம் இதே மருந்து போட்டும் அந்தக் கொத்தனார் கூரை அதிரக் கத்தினாரே," என்றார் எலும்பு டாக்டர். "நடிக்கிறார்னு நீங்கதான் சொன்னீங்க. சரியாத்தான் சொல்லியிருக்கீங்க."

மயக்க டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார்.

"அவ்வளவுதான், முடிஞ்சுது. நர்ஸம்மா, அதே மருந்தைப் பாப்பாவுக்கும் போடுங்க. தோளை இழுத்து உட்கார வைக்கணும்."

"அப்பா, எனக்கும் வலிக்காதுல்ல?" திரைக்கு அந்தப் பக்கமிருந்து மகள் கேட்டாள்.

அப்போதுதான் அவர் அலறினார். "போடாதீங்க. அது வெறும் உப்புத் தண்ணி."

நர்ஸ் குப்பியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அப்போ இதுல இருந்த மருந்து?"

அவர் சட்டைக் கையை மெல்ல மேலே ஏற்றினார். முழங்கை வரை ஊசித் தழும்புகள்.