முத்திரை உடைந்த டப்பா

மூடியில் ஒரு பேட்ச் எண். டப்பாவின் அடியில் வேறு எண்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். போலி பேரிங்கை விரலில் ஒரு சுற்றுச் சுற்றியே சொல்லிவிடுவான். பால் பவுடரை எப்படிச் சுற்றிப் பார்ப்பது?

கிழித்த வெள்ளித்தாளின் ஓரத்தில் யாரோ இரண்டாம் முறை ஒட்டிய பசை காய்ந்திருந்தது.

ஐந்து மாதப் பெண் குழந்தை. தாய்ப்பாலும் ஆகாது, மாட்டுப்பாலும் ஆகாது. குடித்தால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் எழுதிக் கொடுத்த பவுடர் ஊரில் எந்தக் கடையிலும் இல்லை, ஆஸ்பத்திரியிலும் தீர்ந்துவிட்டது. கண்காணாத தேசத்துக் கடையொன்றின் ஐந்து நட்சத்திர மதிப்பீட்டை நம்பி, ஆன்லைனில் வரவழைத்தார்கள். காலையில் பார்சல் வந்துவிட்டது என்று மனைவி போன் செய்ததும், பாதி கழற்றிய மோட்டாரை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்திருந்தான்.

நுகர்வோர் உதவி எண்ணில் இருபது நிமிடம் பாட்டு ஓடியது. பிறகு ஒரு பெண்குரல்.

"விக்கிறவங்க வெளிநாடு சார், நம்ம சட்டம் அங்க செல்லாது. போட்டோ எடுத்து அனுப்பி வைங்க, முப்பது நாள்ல பதில் வரும்."

முப்பது நாள்!

பழைய டப்பாவைக் கவிழ்த்துத் தட்டியதில் கடைசிக் கரண்டி நேற்றுச் சாயங்காலமே போயிற்று. அப்புறம் வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான். இப்போது அழக்கூடத் தெம்பில்லாமல் குழந்தை முனகிக்கொண்டிருந்தது.

மனைவியோ சுவரில் சாய்ந்து, வயிற்றில் கை வைத்தபடி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எது கேட்டாலும் 'ம்' மட்டும்தான். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு எரிகிற நேரத்தில் மணி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே!

விருட்டென்று சமையலறைக்குப் போனான். வெந்நீரில் நாலு கரண்டி பவுடரைக் கொட்டிக் கலக்கினான். தனக்கு ஒன்றும் ஆகவில்லையென்றால் பிள்ளைக்குக் கொடுக்கலாம். இதைவிட நல்ல சோதனை எதுவும் அவனுக்குத் தோன்றவில்லை.

கண்ணை இறுக மூடிக்கொண்டு டம்ளரை வாயருகே கொண்டுபோனான்.

ஒரு கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

"வேணாங்க. நான் பார்சல் வந்த உடனே குடிச்சுட்டேன். ரெண்டு பேரும் படுத்துட்டா பாப்பாவ யாரு தூக்குறது?"

அவள் விரல்கள் சில்லிட்டு வியர்த்திருந்தன.