கை அசைக்கும் வீடு

ஆற்றைப் பார்த்தபடி சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்பது என் மனைவி தமயந்தியின் முப்பது ஆண்டு விருப்பம். நான் ஓய்வு பெற்றதும் வாங்கிக் குடியேறினோம். மாலை வேளைகளில் பால்கனியில் இரண்டு பிரம்பு நாற்காலிகளைப் போட்டு அமர்ந்திருப்போம். பரிசலில் செல்லும் சுற்றுலாப் பயணிகள் கீழிருந்து கை அசைப்பார்கள். பதிலுக்கு அசைக்காமல் இருப்பது மரியாதையன்று என்பதால் ஒருவரையும் நாங்கள் ஏமாற்றியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டைப் பூட்டிக்கொண்டு நாங்களும் பரிசல் ஏறினோம். வளைவு திரும்பியதும் பரிசல்காரர் மாரப்பன் துடுப்பை நிறுத்தினார்.

“அந்த மாடி வூட்டப் பாருங்க சார். ரொம்ப நல்ல மனுசங்க. யாரு கை காட்டுனாலும் பதிலுக்குக் காட்டுவாங்க.”

“அது எங்க வீடுதாங்க,” என்றாள் தமயந்தி கூச்சத்துடன்.

மாரப்பன் சிரித்தார். “பாக்குறவங்க எல்லாம் அப்படித்தாம்மா சொல்றாங்க. எனக்குந்தான் அந்த வூடு புடிச்சிருக்கு.”

நாற்காலிகளில் இருவர் அமர்ந்திருப்பதை அப்போதுதான் கண்டோம். ஒருவர் என் சாம்பல் நிறச் சால்வையைப் போர்த்தியிருந்தார். அவர்கள் எங்களை நோக்கிக் கை அசைத்தனர். நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன்; சாவி இருந்தது. தமயந்தியின் கை பழக்கத்தினால் மெல்ல உயர்ந்தது. என்னுடையதும் உயர்ந்தது.

அவர்கள் நிறைவுடன் எழுந்து, உள்ளே சென்று, கதவைச் சாத்திக்கொண்டனர்.

மாரப்பன் துடுப்பை எடுத்தார்.

“உங்கள எங்க சார் எறக்கி விடணும்?”